கீவிலிருந்து வோர்சோ எவ்வளவு தூரம்?

உக்ரைன் தலைநகர் கீவின் பொரிஸ்பில் விமான நிலையத்திலிருந்து போலந்துத் தலைநகர் வோர்சோவின் சொப்பின் விமான நிலையத்திற்கு எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் உடனே பதில் கிடைக்கும். நேர்கோட்டில் சுமார் 720 கிலோமீற்றர். பறக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம். வோர்சோவில் இறங்கியதும் கைக்கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பவேண்டும் என்பதால், கணக்குப்படி புறப்பட்டு அரை மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் 2022 பெப்ரவரி 24ஆம் திகதி அதிகாலை உக்ரைனின் வான்பரப்பு சிவில் விமானங்களுக்கு மூடப்பட்டது. அன்றிலிருந்து அந்த ஒன்றரை மணித்தியாலப் பயணத்தை ஒரு பயணிகூடச் செய்ததில்லை. இரண்டு ஊர்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஓடுபாதைகளும் இருக்கின்றன. நடுவில் இருக்கும் வானம்தான் இல்லாமல் போய்விட்டது.

இன்று கீவிலிருந்து வோர்சோவுக்குப் போக விரும்பும் ஒருவர் ரயிலில்தான் போகவேண்டும், அல்லது பேருந்தில். நேரடி ரயில் சுமார் 16 முதல் 18 மணித்தியாலம் எடுக்கும். இதற்குப் போர் மட்டும் காரணமல்ல. ரஷ்யப் பேரரசின் காலத்தில் போடப்பட்ட அகலப்பாதைதான் உக்ரைனில் இன்றும் இருக்கிறது. அதன் அகலம் 1,520 மில்லிமீற்றர். போலந்தில் 1,435. இந்த 85 மில்லிமீற்றர் வித்தியாசத்துக்காக எல்லையில் ரயிலை நிறுத்தி, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சக்கரத் தொகுதிகளை மாற்றுகிறார்கள். அல்லது பயணிகள் மூட்டைகளோடு இறங்கி வேறு ரயிலுக்கு மாறுகிறார்கள். கடவுச்சீட்டுச் சோதனை, சுங்கச் சோதனை இரண்டும் இதற்குமேல். விமானம் பறந்த காலத்தில் இந்த 85 மில்லிமீற்றர் சாதாரணப் பயணிக்குத் தெரியவே தெரியாது. வானம் மூடப்பட்டதும் ஒரு நூற்றாண்டுக்கு முந்திய பேரரசின் அகலப்பாதை மறுபடியும் தரையில் தட்டுப்பட்டது.

கீவ் – வோர்சோ வழி ஒருகாலத்தில் ஐரோப்பாவோடு இணையப்போகும் உக்ரைனின் அடையாளமாகவே பார்க்கப்பட்டது. 2017 ஜூன் 11 முதல் உக்ரைனியர்கள் விசா இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் குறுகிய காலப் பயணம் செய்ய முடிந்தது. மலிவுக் கட்டண விமான நிறுவனங்கள் வந்தன. தச்சு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போலந்துக்குப் போனவர்கள் பெருநாளுக்கு வீட்டுக்கு வந்து திரும்ப முடிந்தது. 2021 ஒக்டோபர் 12ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றியமும் உக்ரைனும் பொது வான்பரப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இரு தரப்பு விமான நிறுவனங்களும் தடையின்றிப் பறக்கலாம் என்பதே அதன் சாரம். கையெழுத்திட்டு நான்கரை மாதத்தில் அந்த வானத்தில் ஏவுகணைகள்தான் பறந்தன.

வான்பரப்பை மூடாமல் விட்டால் என்ன நடக்கும் என்பது உக்ரைனுக்கு ஏற்கனவே தெரியும். 2014 ஜூலை 17ஆம் திகதி அம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் நோக்கிச் சென்ற மலேசிய விமானம் டொனெட்ஸ்க் பகுதிக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 பேர் இறந்தார்கள். அன்று கிழக்கு உக்ரைனின் வானம் 32,000 அடி வரைக்கும்தான் மூடப்பட்டிருந்தது. விமானம் 33,000 அடியில் பறந்துகொண்டிருந்தது. ஆயிரம் அடி மேலே பாதுகாப்பு என்று காகிதத்தில் இருந்தது. ஏவுகணை காகிதத்தைப் படிப்பதில்லை. எட்டு வருடங்களுக்குப் பின், 2022 நவம்பரில், நெதர்லாந்து நீதிமன்றம் மூவரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மூவரும் நீதிமன்றத்தில் இருக்கவில்லை.

2020 ஜனவரியில் தெஹ்ரானில் உக்ரைன் பயணிகள் விமானம் ஒன்றை ஈரானின் வான்பாதுகாப்புப் படை சுட்டு வீழ்த்தியதில் 176 பேர் இறந்தார்கள். 2024 டிசம்பர் 25ஆம் திகதி பாகுவிலிருந்து குரோஸ்னிக்குப் புறப்பட்ட அஸர்பைஜான் விமானம் அக்தாவ் அருகே விழுந்து 38 பேர் இறந்தார்கள். ரஷ்ய வான்பாதுகாப்பு ஏவுகணைகள் அந்த விமானத்துக்கு அருகில் வெடித்ததை 2025 ஒக்டோபரில் புட்டின் ஒப்புக்கொண்டார். எனவே கீவின் வானம் மூடப்பட்டிருப்பது கோழைத்தனமல்ல. அது முந்திய சாவுகளிலிருந்து கற்றுக்கொண்ட பாடம்.

ஆனால் மூடப்பட்ட வானம் எல்லோருக்கும் ஒரே அளவில் மூடப்படுவதில்லை. தூரம் என்பது யார் பயணிக்கிறார் என்பதைப் பொறுத்தது.

2023 பெப்ரவரியில் அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி ஜோ பைடன் கீவுக்கு வந்தார். உலகத்தின் மிகப் பலம் வாய்ந்த படையின் தளபதிகூட கீவுக்குப் பறந்து வர முடியவில்லை. போலந்தின் ஷெஷுவ் விமான நிலையத்தில் இறங்கி, எல்லை நகரத்துக்குக் காரில் போய், அங்கிருந்து சுமார் பத்து மணித்தியாலம் இரவு ரயிலில் வந்தார். ஐரோப்பியத் தலைவர்கள் பலரும் அப்படியே வந்தார்கள். பயணம் எவ்வளவு நீண்டாலும் அவர்களுக்குப் போக ஒரு வழியும் திரும்ப ஒரு வழியும் இருந்தன.

கீவில் இருக்கும் முப்பத்தைந்து வயது ஆண் ஒருவருக்கு அதே தூரம் எவ்வளவு? இராணுவச் சட்டத்தின் கீழ் 18 முதல் 60 வயது வரையான ஆண்கள் நாட்டைவிட்டு வெளியேறத் தடை. 2025 ஓகஸ்டில் 18 முதல் 22 வயது வரையானவர்களுக்கு அந்தத் தடை நீக்கப்பட்டது. மற்றவர்களில் விதிவிலக்குக் கிடைக்காதவர்களுக்கு வோர்சோ 720 கிலோமீற்றரிலும் இல்லை, 18 மணித்தியாலத்திலும் இல்லை. போர் முடியும் நாள் எதுவோ அங்கேதான் இருக்கிறது. அவருடைய மனைவியும் பிள்ளையும் அதே ரயிலில் போகலாம். வரலாம். அவர் மேடையில் நின்று வழியனுப்பலாம். 2022 மார்ச்சில் எல்லோரும் பார்த்த அந்தப் புகையிரத நிலையக் காட்சி ஒரு நாளோடு முடிந்த காட்சியல்ல. பல குடும்பங்களில் அது வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை திரும்பத் திரும்ப நடக்கிறது. வோர்சோவில் பாடசாலைக்குப் போகத் தொடங்கிய பிள்ளை போலிஷ் மொழியில் கனவு காணத் தொடங்கியிருக்கும். தந்தை தொலைபேசித் திரையில் வளர்கிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இது நமக்கு விளக்கிச் சொல்லவேண்டிய விடயமல்ல.

காயப்பட்டவர்களுக்கு இன்னொரு கணக்கு. உக்ரைனில் சிகிச்சை அளிக்க முடியாத ஆயிரக்கணக்கான நோயாளிகளும் காயமடைந்தவர்களும் ஐரோப்பிய மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டிருக்கிறார்கள். இதற்காக ஷெஷுவில் ஒரு மருத்துவ இடைத்தங்கல் மையம் 2022 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. அந்த மையம் வரைக்கும் அவர்கள் தரையால்தான் வரவேண்டும். அதற்குப் பிறகுதான் விமானம். தீக்காயத்தோடு இருப்பவருக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கும் ஓர் இரவுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை எந்தத் தூரக் கணிப்பானும் காட்டாது.

ரயிலும் பாதுகாப்பான மாற்றுவழியல்ல. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி கிரமட்டோர்ஸ்க் நிலையத்தில் மேற்கே போகும் ரயிலுக்காகக் காத்திருந்தவர்கள்மீது ஏவுகணை விழுந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். வானத்தால் போக முடியாததால்தான் அத்தனை பேர் ஒரே மேடையில் கூடியிருந்தார்கள்.

இலங்கையர் ஏழு பேரின் கதையையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். போர் தொடங்கியபோது கார்கிவ் மாகாணத்தின் குப்பியான்ஸ்க் நகரத்தில் அகப்பட்டுக்கொண்டவர்கள் அவர்கள். 120 கிலோமீற்றர் அளவில் இருக்கும் கார்கிவ் நகரத்துக்கு நடந்தே போகலாம் என்று புறப்பட்டு, முதல் ரஷ்யச் சோதனைச்சாவடியிலேயே பிடிக்கப்பட்டார்கள். 2022 செப்டெம்பரில் உக்ரைன் படைகள் அந்தப் பகுதியை மீட்டபோதுதான் மாதக்கணக்கான தடுப்பிலிருந்து வெளியே வந்தார்கள். அவர்கள் விடுவிக்கப்பட்டதை ஜனாதிபதி செலென்ஸ்கியே அறிவித்தார். காரில் இரண்டு மணித்தியாலம் எடுக்கக்கூடிய ஒரு பயணம் அவர்களுக்கு மாதக்கணக்கில் எடுத்தது.

ரஷ்யாவுக்கும் தூரம் நீண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் தனது வானத்தை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது. பதிலுக்கு ரஷ்யா தனது வானத்தை 36 நாடுகளுக்கு மூடியது. மொஸ்கோவிலிருந்து ரஷ்யாவின் சொந்த நிலப்பகுதியான கலினின்கிராட் நேர்கோட்டில் சுமார் 1,100 கிலோமீற்றர். முன்பு லித்துவேனியாவுக்கு மேலாக இரண்டு மணித்தியாலத்துக்குள் போனார்கள். இப்போது வடக்கே பின்லாந்து வளைகுடாவுக்குப் போய், பால்டிக் கடலின் சர்வதேச வானத்தால் இறங்கி வருகிறார்கள். கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் கூடுதல். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணித்தியாலத்தில் பறந்த பின்லாந்து விமானங்கள் இப்போது ஏறக்குறைய 13 மணித்தியாலம் பறக்கின்றன. இவையும் போரின் விலைதான். ஆனால் சுற்றிப் போகிறவருக்கும் போகவே முடியாதவருக்கும் இடையில் ஒரு வித்தியாசம் உண்டு. ஒருவருக்கு அது எரிபொருள் செலவு. மற்றவருக்கு அது முற்றுகை.

2025இல் இந்தக் கதையில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. மூடப்படும் வானம் மேற்கு நோக்கி நகரத் தொடங்கியது. செப்டெம்பர் 10 அதிகாலை ரஷ்ய ஆளில்லா விமானங்கள் போலந்துக்குள் நுழைந்தன. வோர்சோவின் சொப்பின் விமான நிலையம் உட்பட நான்கு விமான நிலையங்கள் சில மணித்தியாலங்கள் மூடப்பட்டன. அதாவது, நாம் பேசிக்கொண்டிருக்கும் பாதையின் மறுமுனையும் சற்று நேரம் இருண்டது. அதே மாதம் கொப்பன்ஹேகன், ஒஸ்லோ விமான நிலையங்களும், ஒக்டோபர் தொடக்கத்தில் மியூனிக் விமான நிலையமும் இனந்தெரியாத ட்ரோன்களால் நிறுத்தப்பட்டன. பெலாரஸிலிருந்து வந்த பலூன்களால் வில்னியஸ் விமான நிலையம் பல தடவை மூடப்பட்டது. நவம்பர் நடுப்பகுதியில் வோர்சோவிலிருந்து லுப்ளின் ஊடாக உக்ரைன் எல்லைக்குச் செல்லும் தண்டவாளம் வெடிவைத்துச் சேதமாக்கப்பட்டது. போலந்துப் பிரதமர் டஸ்க் அதை நாசவேலை என்றார். வானத்துக்குப் பதிலாக இருந்த தண்டவாளமும் இப்போது இலக்காகியிருக்கிறது.

மேற்கு ஐரோப்பியர்கள் பலருக்கு, பலகையில் "இரத்து" என்று விழும்போது ஏற்படும் அந்தத் திகைப்பு புதியது. ஒரு சில மணித்தியாலங்களில் அது தீர்ந்தும் விடுகிறது. அந்தச் சில மணித்தியாலங்களை உக்ரைனியர்கள் வருடக்கணக்கில் வாழ்கிறார்கள். நாங்கள் தசாப்தக்கணக்கில் வாழ்ந்தோம்.

ஆம், இந்த விடயத்தில் நமக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு தரைவழியால் சுமார் 400 கிலோமீற்றர். போர்க்காலத்தில் அந்த 400 கிலோமீற்றரை யாரும் கிலோமீற்றரில் அளந்ததில்லை. கிளாலியில் வள்ளம் கிடைக்குமா என்பதில் அளந்தார்கள். பாஸ் எப்போது வரும் என்பதில் அளந்தார்கள். திருகோணமலைக்குக் கப்பல் எப்போது வெளிக்கிடும் என்பதில் அளந்தார்கள். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. விமானத்தில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். விடுதலைப் புலிகளே ஏவுகணையால் அதை வீழ்த்தினார்கள் என்று அரசாங்கம் குற்றஞ்சாட்டியது. இறந்த பயணிகளில் பெரும்பாலானோர் தமிழர்கள். யார் சுட்டாலும், மூடவேண்டிய வானத்தில் சிவில் மக்கள் பறக்கவேண்டியிருந்தது என்பதற்கான விலை அது. பிறகு 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் ஏ9 பாதை மூடப்பட்டபோது குடாநாடு மறுபடியும் தீவானது.

இன்னொரு தொடர்பும் இருக்கிறது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. மேற்கு ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட ஈழத்தமிழர்களில் ஒரு பகுதியினர் மொஸ்கோ, உக்ரைன் வழியாகவே கொண்டுபோகப்பட்டார்கள். கீவிலும் எல்லையோர ஊர்களிலும் ஒரே அறையில் பலபேராக, முகவரின் சொல்லுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். பனியில் எல்லையை நடந்து கடந்தவர்கள் இருக்கிறார்கள். பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் காத்திருந்த காலத்தில் பொரிஸ்பில் விமான நிலையம் திறந்துதான் இருந்தது. வானம் மூடப்பட்டிருக்கவில்லை. அவர்களுக்குத்தான் மூடப்பட்டிருந்தது.

இந்த இடத்தில்தான் போலந்தின் இரண்டு எல்லைகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கவேண்டும். உக்ரைனோடுள்ள எல்லை 2022இல் திறக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு முதல் சட்டப் புத்தகத்தில் தூங்கிய தற்காலிகப் பாதுகாப்பு விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் 4ஆம் திகதி முதன்முதலாக நடைமுறைப்படுத்தியது. தனித்தனியாக வழக்குப் பேசி, உயிராபத்தை நிரூபிக்கத் தேவையில்லை. வதிவிடம், வேலை, பாடசாலை, மருத்துவம் எல்லாம் உடனே. 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இன்று அந்தப் பாதுகாப்பின்கீழ் இருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் போலந்தில். இது நல்ல விடயம். அகதிகளை இப்படியும் நடத்த முடியும் என்பதற்கு அதுவே சான்று.

அதே போலந்து, பெலாரஸ் எல்லையில் இரும்புச் சுவர் எழுப்பியது. 2025 மார்ச்சிலிருந்து அந்த எல்லையில் தஞ்சம் கோரும் உரிமையை இடைநிறுத்தி வைத்திருக்கிறது. சிரியரும் ஆப்கானியரும் எரித்திரியரும் அங்கே காட்டுக்குள் நிற்கிறார்கள். அவர்களை அங்கே தள்ளிவிடுவதில் பெலாரஸ் அரசின் கை இருப்பது உண்மை. ஆனால் காட்டுக்குள் நிற்பவர் அரசல்ல, மனிதர். 2022 பெப்ரவரி கடைசியில் உக்ரைனிலிருந்து வெளியேற முயன்ற ஆபிரிக்கர்கள் எல்லையில் தடுக்கப்படுவதாக ஆபிரிக்க ஒன்றியமே கண்டன அறிக்கை வெளியிட்டது. ஒரே போர், ஒரே ரயில், ஒரே எல்லை. தோலின் நிறத்துக்கேற்ப தூரம் மாறியது.

கடந்த நாற்பது வருடங்களாகத் தஞ்ச விசாரணைகளில் "எந்த வழியால் வந்தாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லித் திணறிய ஒரு சமூகம் இந்த ஒப்பீட்டைக் கசப்போடு பார்ப்பது இயல்பு. ஆனால் கசப்பு உக்ரைனியர்கள்மீது திரும்பக்கூடாது. அவர்களுக்குக் கிடைத்தது சலுகையல்ல, எல்லோருக்கும் கிடைத்திருக்கவேண்டியது. கேட்கவேண்டிய கேள்வி, அந்த விதி ஏன் இருபது வருடம் தூங்கியது என்பதுதான்.

இனி கீவின் வானம் எப்போது திறக்கும்? எல்லையிலிருந்து எழுபது கிலோமீற்றர் அளவில் இருக்கும் லிவிவ் விமான நிலையத்தையாவது முதலில் திறக்கலாம் என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. தடையாக இருப்பவை மூன்று. ஒன்று, ஏவுகணையையும் ட்ரோனையும் நம்பகமாகத் தடுக்கும் வான்பாதுகாப்பு. இரண்டு, ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகவரகத்தின் எச்சரிக்கை. மூன்று, காப்புறுதி. விமானத்துக்குக் காப்புறுதி தர ஆள் இல்லாவிட்டால் ஓடுபாதை இருந்தும் பயனில்லை. 2023 ஒக்டோபருக்குப் பின் இஸ்ரேல் பென் குரியன் விமான நிலையத்தைத் திறந்து வைத்திருக்க முடிந்ததற்கு அதன் வான்பாதுகாப்போடு, காப்புறுதிப் பொறுப்பை அரசே ஏற்றதும் ஒரு காரணம். ஈரானுடனான 2025 ஜூன் போரில் அதுவும் மூடப்பட்டது. உக்ரைனுக்கோ 2022 மார்ச்சில் கேட்ட விமானப் பறப்புத்தடை வலயம் கிடைக்கவில்லை. ரஷ்யாவோடு நேரடிப் போராகிவிடும் என்று நேட்டோ மறுத்துவிட்டது. எனவே யுத்தநிறுத்தம் எழுதப்பட்டாலும், அதை யார் உத்தரவாதப்படுத்துவார் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை காப்புறுதி நிறுவனம் கையெழுத்திடாது. சமாதானத்தைப் பற்றித் தலைவர்கள் சொல்வதைவிடக் காப்புறுதிக் கட்டணம் நேர்மையாகப் பேசும்.

ஒருநாள் அது திறக்கும். முதல் விமானம் இறங்கும்போது கமெராக்கள் நிற்கும். நாடா வெட்டப்படும். அந்தக் காட்சியையும் நாம் பார்த்தவர்கள்தான். 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னை விமானம் வந்தது. நேர்கோட்டில் 360 கிலோமீற்றருக்கும் குறைவான சென்னைக்குப் போக, அதுவரை யாழ்ப்பாணத்தவர் 400 கிலோமீற்றர் தெற்கே போய்க் கொழும்பில் விமானம் ஏறவேண்டியிருந்தது. போர் முடிந்து பத்து வருடங்களுக்குப் பிறகுதான் அந்தச் சுற்று நேரானது. அது ஒரு முன்னேற்றம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் விமானத்தின் யன்னலால் கீழே பார்க்கும்போது தெரிகிற காணிகளில் ஒரு பகுதி இன்னும் உரியவர்களிடம் திரும்பவில்லை. சென்னைக்குப் பறக்கக்கூடிய ஒருவர், வேலிக்கு அப்பால் இருக்கும் தனது வீட்டுக் கிணற்றடிக்குப் போக முடியாமல் இருக்கிறார்.

உக்ரைனியர்களுக்கும் இது காத்திருக்கிறது. டொனெட்ஸ்கில் 2012 ஐரோப்பிய உதைபந்தாட்டப் போட்டிக்காகக் கட்டப்பட்ட புத்தம் புதிய விமான நிலையம் 2015 ஜனவரியில் வெறும் இரும்பும் கொங்கிரீட்டுமாகக் கிடந்தது. பொரிஸ்பில் திறந்தாலும் டொனெட்ஸ்க்காரருக்கு வீடு திறக்காது. வோர்சோ கிட்டவாகும், சொந்த ஊர் தூரமாகவே இருக்கும். ஆகவே எந்த உடன்படிக்கை வந்தாலும் விமானம் பறக்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. வழியனுப்ப மேடையில் நின்ற தந்தை ஏற முடிகிறதா, வோர்சோவில் இருக்கும் பிள்ளை திரும்ப முடிகிறதா, திரும்பி வந்தால் இறங்குவதற்கு ஒரு வீடு இருக்கிறதா என்பவற்றையும் பார்க்கவேண்டும். அதுவரை கீவுக்கும் வோர்சோவுக்கும் இடையில் 720 கிலோமீற்றர் என்பது இணையத்தில் மட்டும் இருக்கும் ஒரு கணக்கு.